முப்பந்தலில் ஓர் அடிக்குறிப்பு

இந்த இருக்கை காலியாகத்தானே இருக்கிறது? நன்றி. வேண்டாம், சன்னலோரத்தில் நீயே இரு, அம்மா. காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாது. காதில் மாட்டியிருப்பதை ஒரு பக்கம் மட்டும் எடுத்துவிட்டால் போதும், இரண்டையும் எடுக்க வேண்டியதில்லை. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல.

நாகர்கோவில் வரையா? நல்லது. நானும் அங்கேதான் போகிறேன். இந்தப் பையை மேலே வைக்கச் சொல்லி நடத்துநர் இரண்டு முறை கேட்டுவிட்டார். வைக்க மாட்டேன். இதில் என் கண்டன அறிக்கை இருக்கிறது. அதனுடன் ஒரு முழங்கால் தைலமும் ஒரு பொட்டலம் காராச்சேவும் இருக்கின்றன. அவற்றுக்கும் அறிக்கைக்கும் தொடர்பில்லை.

இன்று மாலை நாகர்கோவிலில் குறும்பட விழா நடக்கிறது. நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். அந்தப் படங்களை எடுப்பவர்களும் பார்ப்பவர்களும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தாம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, யாராவது கேள்வி கேட்கிறீர்களா என்பார்கள். அப்போது நான் எழுந்து அறிக்கையை வாசிப்பேன். கோரிக்கை ஒன்றே ஒன்று. அங்கே காட்டும் ஒரு படத்தில் வரும் வாக்கியங்கள் முனைவர் உலகம்மாளுடையவை என்று ஓர் அடிக்குறிப்பு வேண்டும். அந்த முனைவர் உலகம்மாள் நான்தான்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் வரலாற்றுத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நானும் என் தங்கை ஆவுடையும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சராக இருந்தாள். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு ஆய்வு இருந்தது. அவளுக்கு நான் இருந்தேன்.

ஆவுடை பேச மாட்டாள். அது அவள் சுபாவம். அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன். மருத்துவரிடம் அவளுடைய முழங்கால் வலியை நான்தான் விவரிப்பேன். வலி தொடங்கிய காலம், அதன் போக்கு, அது அவளுடைய அன்றாடத்தில் ஏற்படுத்திய விளைவு எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துரைப்பேன். எந்த முழங்கால் என்பதில் மட்டும் ஒருமுறை தவறிவிட்டது. அவள் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லையே! வலிக்காத காலுக்கு ஒரு வாரம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தவளை என்ன சொல்வது?

சென்ற மாசியில் பியூலா வந்தாள். என் பழைய மாணவி. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பல்லியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் இப்போது பரிசோதனைக் குறும்படங்கள் எடுக்கிறாளாம். "மேடம், அடையாளம், வரலாறு, சமூகம் இது மூணையும் வச்சு ஒரு படம் பண்ணுதேன். வரலாற்றை யார் குரல்ல சொல்லுதோம்ங்கிறதுதான் கேள்வி. உங்க வீட்டுலயே எடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள். பல்லியைப் பார்த்த பெண்ணுக்குக்கூட என் வகுப்பு பயன்பட்டிருக்கிறது என்று மகிழ்ந்தேன். கதை என்ன என்று கேட்டேன். கதை கிடையாது என்றாள். கதாநாயகி யார் என்றேன். "அதைத் தேடத்தான் மேடம் எடுக்கோம்" என்றாள். எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்னும் தேட வேண்டுமாம்.

இருந்தாலும் சம்மதித்தேன். உரை தயாரித்தேன். பட்டுச்சேலையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கினேன்.

அவர்கள் வந்து முதலில் எதைப் படமெடுத்தார்கள் தெரியுமா? கொடியில் காய்ந்த துணியை. நெடுநேரம் எடுத்தார்கள். "என்ன பியூலா இது?" என்றேன். "காலம், மேடம்" என்றாள். "காலத்திலிருந்து என் உள்பாவாடையை மட்டும் எடுத்துவிட்டுக் காட்டு" என்றேன். அதன்பிறகு குக்கரை எடுத்தார்கள். அது விசில் அடிக்கும் என்று காத்திருந்தார்கள். அடித்தது. அடித்ததும், நன்றாக இருந்தது, இன்னொரு முறை வேண்டும் என்றார்கள். அன்று எங்கள் வீட்டில் பருப்பு கூழாகிவிட்டது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. ஒவ்வோர் அறையிலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரும் ஒரு நிமிடம் வாய்மூடி நிற்க வேண்டுமாம். ஏனென்றால் அறையின் ஓசையைத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். அறைக்கு ஏது ஓசை என்றேன். ஒவ்வோர் அறைக்கும் அதன் அமைதி வேறு, மேடம் என்றாள். சரி, நின்றேன். நின்றுகொண்டிருக்கும்போது, முடிந்துவிட்டதா என்று ஒரு சொல் கேட்டேன். மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் முறை, ஆவணக்காப்பகத்தில் நிலவும் அமைதிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை தோன்றியது. அதை மறப்பதற்குள் சொல்லிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து. பியூலா கையெடுத்துக் கும்பிட்டாள். "மேடம், உங்க வீட்டுல ஒரு நிமிஷம் சும்மா இருக்கிற சத்தம் சிக்கவே மாட்டேங்குது." அப்போது ஆவுடை அடுக்களையிலிருந்து சொன்னாள்: "அக்கா குளிக்கப் போகும்போது எடுங்க பிள்ளைகளா." அப்படித்தான் எடுத்தார்களாம். நான் குளித்துவிட்டு வந்தபோது எல்லாரும் மிக மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

என்ன சிரிக்கிறாய்? சரி, சிரி.

என் உரையைக் கடைசி நாளில் எடுத்தார்கள். நாற்காலியில் நான். பின்னால் அடுக்களை வாசலில் தரையில் அமர்ந்து ஆவுடை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுந்து போகச் சொன்னேன். பியூலா, "அத்தை இருக்கட்டும் மேடம், பின்னால வெறுமையா இருந்தா நல்லா இருக்காது" என்றாள். கவனித்தாயா? கற்பித்த நான் மேடம். அவரைக்காய் நறுக்கியவள் அத்தை.

தாமிரபரணிக் கால்வாய்கள் தொடங்கி, அவற்றை வெட்டிய மனிதர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பது வரை தங்குதடையின்றிப் பேசினேன். முடிவாக என்னுடைய புகழ்பெற்ற வாக்கியத்தைச் சொன்னேன். 'வரலாறு பேசியவர்களையே நினைவில் வைத்திருக்கிறது. பேசாதவர்களைத் தேடிப்போவதே நம் வேலை.' இதை எத்தனை கருத்தரங்குகளில் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் கைதட்டல் வரும். என் ஆய்வேட்டின் கடைசி வரி அது. ஆய்வேடு முழுவதையும் நான் சொல்லச் சொல்ல ஆவுடைதான் தட்டச்சு செய்தாள். கடைசிப் பக்கத்தின்போது எனக்கு நல்ல காய்ச்சல், வாய் திறக்கக்கூட முடியாமல் படுத்திருந்தேன். மறுநாள் எழுந்து பார்த்தால் பக்கம் முடிந்திருந்தது. காய்ச்சலிலும் அப்படியொரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்திருக்கிறதென்றால் பார்த்துக்கொள். எனக்கு நினைவே இல்லை.

பங்குனிக் கடைசியில் படத்தைப் பாளையங்கோட்டையில் ஒரு சிறிய அரங்கில் காட்டினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கொடித்துணி வந்தது, உள்பாவாடை அப்படியே இருந்தது. குக்கர் வந்தது. அப்புறம் நான் வந்தேன். வந்தேனே தவிர, குரல் வரவில்லை! என் வாய் அசைகிறது, கை அசைகிறது, சத்தம் இல்லை. நான் குளிக்கும்போது பிடித்த அந்த அமைதியை எடுத்து என் வாய்மேல் ஒட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி பழுது என்று நினைத்து எழுந்து சத்தம் போட்டேன். பின்னாலிருந்து யாரோ, "உட்காருங்க மேடம், படமே அதான்" என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் மெல்ல மெல்ல நான் மங்கலாகி, பின்னால் இருந்த ஆவுடை தெளிவாகிறாள். அவரைக்காயை நறுக்கிக்கொண்டே அவளும் வாயை அசைக்கிறாள். சத்தமில்லாமல். முதலில் வெற்றிலை போடுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பிறகு கந்தசஷ்டி சொல்கிறாள் என்று நினைத்தேன். படத்தின் கீழே எழுத்து ஓடத் தொடங்கியதும் விளங்கியது. அவள் சொல்லிக்கொண்டிருந்தது என் உரையை! ஒரு சொல் பிசகவில்லை. இன்னும் கேள், நான் சொல்வதற்குச் சற்று முன்பாகவே அவள் சொல்லிவிடுகிறாள். நான் கையை உயர்த்தப்போகும் இடத்தில் அவள் கத்தியை உயர்த்துகிறாள். நான் இடைவெளி விடும் இடத்தில் அவளும் விட்டு, ஒரு காயைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசி வாக்கியம் வந்தது. 'பேசாதவர்களைத் தேடிப்போவதே நம் வேலை.' அவள் முகம் திரை முழுக்க. அதன் கீழே என் வரி. சிரிப்பு சட்டென்று நின்றது. பிறகு கைதட்டினார்கள். நீண்ட நேரம் தட்டினார்கள், அம்மா. எனக்குக் கருத்தரங்குகளில் விழுந்த கைதட்டலெல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு இராது. நான் எழுந்து வணங்கினேன். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் பின்வரிசையில் இருந்த ஆவுடையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. கல்விப்புலத்தில் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டேன். "ஆவுடை, பிறருடைய வாக்கியங்களை மூலம் குறிப்பிடாமல் எடுத்தாள்வதற்கு என்ன பெயர்?"

அவள் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "யக்கா, நீ சொல்லச் சொல்ல இத்தனை வருஷம் கேட்டிருக்கேன். சொன்னவளுக்கு மட்டுந்தானா? கேட்டவளுக்குப் பங்கு கிடையாதா?"

"கேட்பதற்கெல்லாம் உரிமை கிடையாது. சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லிப்பார், அப்போது தெரியும் அதன் அருமை" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சொல்லட்டா?" என்றாள். "நான் பியூலா கூட நாகர்கோவிலுக்குப் போறேன்."

அவ்வளவுதான். அவள் சொந்தமாகச் சொன்ன வாக்கியம் அது. இலக்கணமாகத்தான் இருந்தது, குறை சொல்ல இடமில்லை.

பியூலாவின் அடுத்த படம் நாகர்கோவில் பக்கம். ஒலிப்பதிவுக்கு உதவியாகப் பொறுமையுள்ள ஓர் ஆள் வேண்டுமாம். ஒரு நீண்ட கழி. அதன் நுனியில் பூனையைக் கட்டியதுபோல் ரோமம் மூடிய ஒலிவாங்கி. அதைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டும். இதற்கு என் தங்கை! முழங்கால் வலிக்காரி! "உன்னால் நிற்க முடியாது ஆவுடை" என்றேன். "உக்காந்துக்கிட்டுப் பிடிக்கலாமாம். கேட்டுட்டேன்" என்றாள். எனக்குத் தெரியாமல் எப்போது கேட்டாளோ, தெரியவில்லை. நான் குளிக்கும்போதாக இருக்கும்.

ஒரு வாரத்தில் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். சித்திரை போயிற்று, வைகாசி, ஆனி. இதோ ஆடிக் காற்றும் வந்துவிட்டது. இரண்டு நாளுக்கொரு முறை தொலைபேசியில் அழைப்பாள். நான் பேசுவேன். வீட்டு நிலவரம், நாட்டு நிலவரம் எல்லாம் சொல்வேன். அவள் 'ம்' கொட்டுவாள். முன்பெல்லாம் அடுக்களையிலிருந்து வரும் அதே 'ம்'தான். ஆனால் தொலைபேசியை வைத்தபிறகு, பியூலா சொன்னாளே, அறைக்கு அறை அமைதி வேறு என்று, அது உண்மைதான் என்று தெரிகிறது. அடுக்களையின் அமைதி கொஞ்சம் மோசம்.

தவறாக நினைக்காதே. நான் வருந்தவில்லை. எனக்கு வாசிக்கப் புத்தகம் இருக்கிறது. சத்தமாக வாசிக்கிறேன். யாரும் குறுக்கிடுவதில்லை. முன்பும் யாரும் குறுக்கிட்டதில்லை.

சென்ற வாரம் அவளே ஒரு செய்தி சொன்னாள். நாகர்கோவில் வேலை முடிந்துவிட்டதாம். குழு அடுத்து இராமேசுவரம் போகிறதாம். "நீ வீட்டுக்கு வருவாயா, அவர்களோடு போவாயா?" என்றேன். "விழா முடிஞ்சதும் சொல்லுதேன் யக்கா" என்றாள். அதாவது இன்று சொல்வாள். அதற்காக நான் போகவில்லை என்பதை நீ தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் போவது அடிக்குறிப்புக்காக. அவள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். இராமேசுவரத்தில் உப்புக்காற்று, அவள் முழங்காலுக்கு ஆகாது, அவ்வளவுதான் சொல்வேன்.

எந்த முழங்கால் என்கிறாயா? இடது. இல்லை, இரு. வலது.

காராச்சேவு எடுத்துக்கொள். வேண்டாமா? கொஞ்சமாக எடு. அது ஆவுடைக்கு. அவளுக்குப் பிடித்த கடை. அவளுக்குப் பிடிக்கும் என்று நான் நினைக்கும் கடை.

இரு, இரு, தொலைபேசி. அவள்தான்.

"சொல், ஆவுடை. பேருந்தில்தான். காவல்கிணறு தாண்டிவிட்டது. காற்றாலைகள் தெரிகின்றன... என்ன? சத்தமாகச் சொல்... காற்றா? அடிக்கிறது, ஆளைத் தூக்குகிறது... எதற்கு?... நானா?... எனக்கு அந்தப் பொத்தான்கள் எல்லாம்... பக்கத்தில் ஒரு பிள்ளை இருக்கிறாள்... ஆமாம், பேசிக்கொண்டுதான் வருகிறேன். உனக்கெப்படித் தெரியும்?... என்ன 'பாவம்'? அவள் ஆர்வமாகத்தான் கேட்கிறாள்... சரி... சரி. வைத்துவிடு."

கேள், அம்மா. இன்று அந்தப் படத்தோடு காட்டப்போகும் புதிய படத்தில் ஓரிடத்துக்கு முப்பந்தல் காற்றின் சத்தம் வேண்டுமாம். அவர்கள் எடுத்துவைத்தது கெட்டுப்போய்விட்டதாம். மாலைக்குள் சேர்க்க வேண்டுமாம். சன்னலைத் திறந்து ஒரு நிமிடம் பிடித்து அனுப்பு என்கிறாள். "நீ பேசாம இருந்தாப் போதும் யக்கா, மத்ததை அந்தப் பிள்ளை பாத்துக்கிடும்" என்கிறாள். பார்த்தாயா, எனக்கே கட்டளை! அவள் என்னிடம் ஒரு வேலை சொல்லி நான் கேட்டதே இல்லை. சொன்னதும் இல்லை.

இந்தா, என் கைப்பேசி. பதிவு செய்யும் இடத்தை நீயே எடு. சன்னலை நன்றாகத் தள்ளு. முடி பறந்தால் பறக்கட்டும், பரவாயில்லை. நான் இந்தப் பக்கம் சாய்ந்து பிடித்துக்கொள்கிறேன். இதோ பார், தொடங்கியபிறகு நீ வாயைத் திறக்கக்கூடாது. வந்ததிலிருந்து உன் பேச்சைக் கேட்டுக்கொண்டு வருகிறேன், ஒரு நிமிடமாவது சும்மா இருக்க வேண்டும். உம். தொடங்கு.

...

...

...

ஆவுடை, நேற்றும் உனக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டேன்.

...

ஐயையோ! அதில் விழுந்துவிட்டதா? நான் பேசவில்லையே. பேசினேனா? கொஞ்சம்தானே? கொடு, அதை நான் கேட்க வேண்டும். ம்... காற்று நன்றாக வந்திருக்கிறது. ம்... ஆமாம். விழுந்திருக்கிறது. என் குரல் இவ்வளவு மெல்லியதா?

அழித்துவிடலாம் அல்லவா? அழித்துவிட்டு இன்னொரு முறை எடுக்கலாம். முப்பந்தல் இன்னும் தாண்டவில்லை. காற்று இருக்கிறது. இந்த முறை வாயில் காராச்சேவைப் போட்டுக்கொண்டு...

வேண்டாம். நில். அழிக்காதே.

அப்படியே அவளுக்கு அனுப்பு. கீழே எழுத முடியுமா? இரண்டு வரி எழுது. 'பதிவில் உள்ள வாக்கியம் உலகம்மாளுடையது. வேறு மூலம் இல்லை.' எழுதிவிட்டாயா? அடுத்த வரி: 'பதிவு செய்தவர்...' எழுது, எழுது. அடிக்குறிப்பு என்றால் எல்லார் பெயரும் வர வேண்டும்.

உன் பெயர் என்னம்மா?